கதவோரம் நின்ற நீலப் புடவை

அன்றைக்கு நம் திருமழிசை வீட்டில் இருந்தவர்களை இப்போதும் வரிசையாகச் சொல்வேன், அக்கா. நாற்காலியில் என் மகள் வசந்தா, ஏழு மாதம். அவளுக்கு வலப்பக்கம் அவள் மாமியார் கன்னியம்மா. எதிரே வீடியோக்காரன் சேட்டு. வாசலில் என் வீட்டுக்காரர். சந்தனக் கிண்ணத்தோடு நான். அடுப்படியில் நீ. தெருப் பெண்கள் வந்து வளையல் போட்டுவிட்டுப் போனார்கள்; அவர்களை விடு.

இன்று காலை வசந்தா புளிக்காய்ச்சல் கிளறினாள். நல்லெண்ணெய் காய்ந்து பெருங்காயம் பொரிந்ததும் உன் வாசனை வந்துவிட்டது. என்னைச் சமாதானப்படுத்தத்தான் செய்தாள். டிபன் கேரியரை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். காட்டுப்பாக்கத்தில், மூன்றாவது மாடியில், நான் தனியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்றாவது வரை படித்த எழுத்துதான். நீ பொறுத்துக்கொள்வாய்.

கூடப் பிறக்காமலே எனக்கு அக்காவாக இருந்த நீ செத்துப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பூ வைக்க உன் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. உன் படம் இருந்த ரேஷன் கார்டை உன் அண்ணன் மகன் கொண்டுபோய்விட்டான். வளைகாப்பு கேசட்டிலாவது எங்கேயாவது இருக்கிறாயா என்று வசந்தாவை நச்சரித்தேன். அந்தக் கேசட்டை நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். அதில் நீ இல்லை என்றதும் மூடி வைத்துவிட்டேன். ஐந்து வகை சோறும் உன் கையால் ஆனது. படத்தில் சோறு இருக்கிறது, நீ இல்லை.

வசந்தா பூந்தமல்லியில் கொடுத்து அதைப் பென்டிரைவில் ஏற்றி வந்தாள். அவள் கம்பெனியில் இரும்புச் சாமானில் கீறல் இருக்கிறதா என்று படம் பார்த்துச் சொல்ல ஒரு ஏஐ மாடல் வைத்திருக்கிறார்கள். போட்டோ, வீடியோ எதைக் காட்டினாலும் அதில் என்ன இருக்கிறது என்று தமிழிலேயே எழுதிக் காட்டுமாம். செய்தவர்களே எல்லாருக்கும் திறந்து விட்டுவிட்டார்களாம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். "நெட்டு கூட வேணாம்மா. நம்ம லேப்டாப்லயே ஓடும். நம்ம ஊட்டு வீடியோ வெளிய போவாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். மொத்தமாகக் கொடுத்தால் லேப்டாப் தாங்காது. நீலப் புடவை கட்டிய, பொட்டில்லாத, வயதான பெண் எங்கே என்று வசந்தா கேட்டாள். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, நீலப் புடவைப் பெண் ஒருவர் சுவரோரம் தாமரைமேல் நிற்கிறார் என்றது.

"அது காலண்டர்ல கீற சாமிடி" என்றேன். இருவரும் சிரித்தோம். நானும் அவளும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்தடுத்த துண்டுகளில் ஒன்றுமில்லை. ஒன்றில் மட்டும் பதில் நீளமாக வந்தது. வசந்தா அதைப் பார்த்தாள். "இதுலயும் இல்லம்மா. பால் பொங்குது, பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் வைக்கவே இல்லை, அக்கா.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். நாற்காலியில் அமர்ந்திருக்கும் கர்ப்பிணிப் பெண். கதவருகே நீலப் புடவை அணிந்த முதிய பெண், கையில் இரண்டு பச்சை வளையல்களுடன். கர்ப்பிணிப் பெண் கேமராவைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் கையை அசைக்கிறார். கேமரா வேறு பக்கம் திரும்புகிறது.

காலண்டரைப் பொம்பளை என்ற மெஷினை நம்பி என் மகளைக் குற்றம் சொல்லக் கூடாது என்று அவளையே கூப்பிட்டு அந்த இடத்தை ஓட்டச் சொன்னேன். நான்கைந்து தடவை ஓட்டினாள். படத்தில், மடியில் இருந்த அவள் கை மெல்ல எழுந்தது. சேட்டு திரும்பினான். கன்னியம்மா குனிந்து வெற்றிலை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் எதையும் பார்க்கவில்லை.

"சம்பந்தியம்மாதான் அக்காவப் படத்துல வராம தடுத்தாங்கன்னு இத்தனை வருஷமா சொல்லிகினு கீறேன். நீ கேட்டுகினே இருந்தியே" என்றேன்.

"அப்போ பயம்மா. மொதப் புள்ள. தாலி இல்லாதவங்க கை பட்டா ஆவாதுன்னு எல்லாரும் சொன்னாங்க."

"எந்தக் கைடி ஆவாது? நான் ஷிப்டுக்குப் போனப்போ உனக்கு சோறு ஊட்டுன கையா?"

"கேமரா திரும்பிடுச்சே, யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். என்ன வளத்த அத்தையே மறந்துட்டாங்க, நீ ஏம்மா?"

நீ மறந்தாயா, அக்கா? அன்றைக்கு நான் அடுப்படிக்கு வந்து, "வாக்கா, புள்ளைக்கு ஒரு வளையல் போடு" என்று கூப்பிட்டேன். "இர்டி, மூஞ்சி கழுவிகினு வரேன்" என்றாய். அந்த நீலப் புடவையை மாற்றிக்கொண்டதும் அதற்குத்தான் என்று இப்போது புரிகிறது. பிறகு தேடி வந்தபோது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாய். சாப்பிடவில்லை. கேட்டால், "எனக்கு இன்னாடி வீடியோல வேல" என்றாய். பிரசவமானதும் அவள் பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாய். குளிப்பாட்ட அந்தக் கை ஆகும், வளையல் போட ஆகாது. எல்லாம் தெரிந்தே தேய்த்திருக்கிறாய்.

மறுநாள் வசந்தா அந்த ஒரு நொடியைப் படமாக எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். பாதி முகம்தான் விழுந்திருக்கிறது. மீதியைக் கதவு மறைக்கிறது. எனக்கு அது போதும். மீதி முகம் என்னிடம் இருக்கிறது. வலது புருவத்துக்கு மேல் தழும்பு, சிரித்தால் தெரியும் சொத்தைப் பல். தினமும் மல்லிகை வைக்கிறேன்.

கன்னியம்மா விஷயத்தில் இந்த ஒன்றை மட்டும் கழித்துவிட்டேன். அவள்மேல் எனக்கு வேறு கோபங்கள் உண்டு, அவை அப்படியே இருக்கட்டும். சேட்டு கூலிக்கு வந்தவன், சொன்னதைச் செய்தான்.

"கோவத்த வச்சிகினு சோறு துன்னாத, உள்ள எறங்காது" என்பாய். இறங்குகிறது, அக்கா. அவள் போடும் சோற்றைத்தான் தின்கிறேன், அவள் வாங்கிக் கொடுத்த மாத்திரையைத்தான் விழுங்குகிறேன். சாயங்காலம் அவள் வந்து, "சாப்ட்டியாம்மா" என்று கேட்பாள். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். இந்த வீட்டில் என்னோடு பேச வேறு ஆளில்லை. இருந்தும் வாய் வரவில்லை.

உனக்கு மன்னிக்கத் தெரிந்தது. எனக்குத் தெரியாது. எல்லாரையும் விட்டுவிடுகிறேன், ஒருத்தியைத் தவிர. நான் பெற்று, நீ வளர்த்த வசந்தா.