அந்தத் தாளை எழுதியது நான்தான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இருமல் விட்டதா? மருந்துக்கடைக்காரன் பேச்சைக் கேட்டு நீயே மாத்திரை போட்டுக்கொள்ளாதே, ஒரு நாள் லீவு போட்டு டாக்டரைப் பார். அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது. போட்டதும் முதல் வேலையாக என்னைப் பார்த்து, அடடா நீ இப்படியா இருப்பே, இத்தனை நாள் தெரியாமப் போச்சே என்றார். மாடி வீட்டுக்காரர்கள் ஒருவழியாகக் குழாயைச் சரிசெய்துவிட்டார்கள், சமையலறைச் சுவர் காய்ந்துவிட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். போனில் சொல்ல முடியாத ஒன்று இருப்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய் வந்துவிடுகிறது.

மே முதல் தேதி சாயங்காலம் நீ கூப்பிட்டு, ஊர்வலத்துக்குப் போனியாம்மா என்று கேட்டாய். போனேன் என்றேன். கால் வலிக்கலையா என்றாய். வலிச்சுது, நடந்துட்டேன் என்றேன். பேனரின் ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டு போனேன் என்றுகூடச் சொன்னேன், அதை நீ கேட்கவே இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன். நீ அப்படியே நம்பிவிட்டாய். அடுத்த வாரம் கூப்பிட்டபோது, எங்கம்மா ஐம்பத்துமூணு வயசுல தேய்ஞ்ச முட்டியை வச்சுக்கிட்டு நடந்தாங்கன்னு கூட வேலை செய்யுற எல்லார்கிட்டயும் சொன்னேன் என்றாய். மகளே, நான் நடக்கவில்லை. அன்று காலை ஆறரை மணிக்கு வழக்கம்போல சலவைக் கூடத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு.

முதலிலிருந்து சொல்கிறேன். போன வருஷம் எங்கள் கூடத்துப் பெரிய இஸ்திரி உருளையில், என்னோடு வேலை செய்த நெட்டை அத்தையின் இடது கை இரண்டு விரல் வெந்துபோனது உனக்குத் தெரியும். உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த கை அது. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தால், கை பட்டதும் உருளை நின்றுவிடும், வேறொன்றும் வேண்டாம். அதைக் கேட்டு அவள் மூன்று தடவை முதலாளியிடம் போனாள். அவர் மூன்று தடவையும், ஜெபம் பண்ணிக்கிட்டே வேலை செய்யுங்கம்மா, ஒண்ணும் ஆகாது என்றார். அதனால் இந்த மே தினத்துக்குக் கூடத்தை மூடிவிட்டு மற்ற தொழிலாளர்களோடு ஊர்வலம் போவது, கம்பி வேண்டும் என்று பேனரில் எழுதிப் பிடிப்பது என்று எல்லோரும் பேசி வைத்தோம். நானும் சரி என்று தலையாட்டினேன். பேனருக்குத் துணி கிழித்ததே நான்தான்.

ஊர்வலத்துக்கு இரண்டு ஞாயிறு முன்னால் நம் சபையில் பாஸ்டர் மே முதல் தேதியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அந்த நாள் பழைய காலத்தில் வசந்தத்துக்கும் பூவுக்கும் தேவதை வைத்துக் கும்பிட்டவர்களின் நாள், தீ மூட்டி ஆடினார்கள், கம்பம் நட்டு ஆடினார்கள், தொழிலாளர் நாள் என்பதெல்லாம் பிறகு வந்த பெயர், வேர் கெட்டது, விசுவாசிகள் அதில் கால் வைக்கலாமா என்று கேட்டார். முதல் வரிசையில் எங்கள் முதலாளி, அவர்தானே நம் சபையின் மூப்பரும், கண்ணை மூடிக்கொண்டு ஆமென் ஆமென் என்று தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, ஜனவரிங்கறதும் ஏதோ பழைய சாமி பேராம், அதுக்காக உங்க மூப்பர் ஜனவரி மாசம் கூடத்தை இழுத்து மூடுவாரா, புத்தாண்டுக்கு வாசல் முழுக்க விளக்குப் போட்டு விருந்து வைக்கிறாரே என்று கேட்டார். நெட்டை அத்தை அதைவிட மோசம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், ஏன்க்கா, சனிங்கறது யாரு பேரு, செவ்வாய்ங்கறது யாரு பேரு, அந்த ரெண்டு நாளும் மூப்பர் நம்மளை வேலை வாங்கறதில்லையா? அவரு கையில போட்டிருக்காரே கல்யாண மோதிரம், அதுக்கு மட்டும் வேர் நல்ல வேரா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள், ஏழு நாள்ல ஒரு நாள் ஓய்வெடுன்னு சொன்னதே ஆண்டவருதானே, ஓய்வும் விரலும் கேட்டு நடந்தா அவருக்கா கோவம் வரும்? அவளும் நம் சபைதான். கடைசி பெஞ்சில் உட்காருவாள், பாட்டு மட்டும் முதல் பெஞ்சுக்குக் கேட்கும்.

அந்த வார வெள்ளிக்கிழமை முதலாளி என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். உட்காருங்க சிஸ்டர் என்றார். பதினெட்டு வருஷத்தில் அந்த அறையில் எனக்கு நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குமாமே, இங்க எல்லாருக்கும் லீவு லெட்டர் நீங்கதான் எழுதித் தர்றீங்களாமே என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். விசுவாசிகள் சார்பாக ஒரு தாள் வேண்டும் என்றார். இந்த நாள் புறமதத்தாரின் பண்டிகையிலிருந்து வந்தது, எங்கள் விசுவாசத்தின்படி இதில் பங்கெடுக்க மாட்டோம், அன்று வேலை செய்ய எங்களுக்குச் சம்மதம் என்று எழுத வேண்டும். பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுதிக்கொடுத்தால் அன்று கூடத்தை ஓட்டலாம் என்பது விதி என்றார். நான் பேனாவை எடுக்காமல் இருந்தேன். அவர் என் முட்டியைப் பார்த்து, பாவம், உருளைப் பக்கம் நின்னுக்கிட்டே எத்தனை நாள் வேலை செய்வீங்க, மடிக்கிற மேசைக்கு மாத்திடலாம், முக்காலி போடச் சொல்றேன் என்றார். மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. முட்டி முடியாதவர்களை அவர் எப்படி அனுப்புவார் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பேனாவை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முடிந்ததும் அவர் போதும் என்றார். நான்தான் கடைசியில் இன்னொரு வரி சேர்த்தேன். இதை நாங்கள் மனமகிழ்ச்சியோடும் பரிசுத்த மனச்சாட்சியோடும் செய்கிறோம் என்று. யாரும் கேட்காத வரி. தாள் முழுமையாக, அழகாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. இருபத்துநான்கு பேரில் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் பத்துப் பேராவது நான் எழுதியிருக்கிறேன் என்பதற்காகப் போட்டவர்கள்.

மே முதல் தேதி கூடம் ஓடியது. நெட்டை அத்தையும் இன்னும் நான்கு பேரும் ஊர்வலத்துக்குப் போனார்கள். எங்கள் கூடத்துக்கு வெளியே நின்று அவள் பாடியது இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் வாசலில் அந்த ஐந்து பேரையும் நிறுத்தினார்கள். வேலை நாளில் சொல்லாமல் வராதவர்களுக்கு வேலை இல்லை என்றார்கள். தடுப்புக் கம்பி இன்று வரை வரவில்லை. என் பழைய இடத்தில் இப்போது ஒரு புதுப் பெண் நிற்கிறாள், விரிப்பை உருளைக்குக் கொடுக்கும்போதெல்லாம் நான் அவள் விரலைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஐந்து பேர் கொடுத்த புகாரின் பேரில் போன வியாழக்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. கூடத்திலிருந்து சாட்சிக்கு நான்கு பேரை முதலாளி வேனில் அழைத்துப்போனார், நானும் ஒருத்தி. சின்ன அறை, ஓடாத மின்விசிறி, மேசை நிறைய ஃபைல். அதிகாரி அந்தத் தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தார். மனமகிழ்ச்சியோடும் என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். இது யாரு எழுதினது என்று கேட்டார். முதலாளி, அவங்களே கூடி எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாங்க சார், நான் ஒரு வார்த்தை சொல்லலை என்றார். அதிகாரி தாளை நெட்டை அத்தையிடம் நீட்டி, இந்தக் கையெழுத்து யாருதுன்னு உனக்குத் தெரியுமாம்மா என்றார். தெரியாமல் இருக்குமா? அவள் பையனை ஸ்கூலில் சேர்த்த விண்ணப்பம் நான் எழுதியது. அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கொடுத்த லீவு லெட்டர்கள் நான் எழுதியவை. விரல் வெந்ததற்கு நஷ்டஈடு கேட்டு அனுப்பிய மனுவும் நான் எழுதியதுதான். அவள் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். வேகாத கையால்தான் பிடித்திருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். தெரியலை சார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பெயரைச் சொல்லியிருந்தால், யார் எழுத வைத்தது என்று அதிகாரி என்னைக் கேட்டிருப்பார், உண்மையைச் சொன்னால் என் வேலை போயிருக்கும். தன் வேலை போன பிறகும் என் வேலையைக் காப்பாற்றினாள், மகளே, நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே படிக்கட்டில் என்னைத் தாண்டிப் போகும்போது, முட்டி எப்படிக்கா இருக்கு என்று மட்டும் கேட்டாள். அது குத்தலா, அக்கறையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. குத்தலாக இருந்தால் தாங்கிக்கொள்வேன்.

சனிக்கிழமை பாஸ்டரைப் பார்க்கப் போனேன். மைக் ஒயரைப் பிரித்துப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னது நிஜமா என்று கேட்டேன். வேரைப் பத்தி நான் படிச்சதைத்தான் சொன்னேன் அக்கா, பொய் சொல்லலை என்றார். யார் அதைப் பேசச் சொன்னது என்றேன். கொஞ்ச நேரம் ஒயரையே திருகிக்கொண்டிருந்தார். மூப்பர் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தாரு, படிச்சுப் பாருங்க பாஸ்டர்னாரு, எதுக்கு இந்த வருஷம்னு நான் கேட்டிருக்கணும், கேட்கலை என்றார். நான் எழுதியதைச் சொன்னேன். அவர் என்னை ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நாம ரெண்டு பேரும் மூப்பருக்கு வேலை செஞ்சிருக்கோம் என்றார்.

உனக்கு எட்டு வயதில் ஸ்கூலில் வசந்த நாள் என்று பிள்ளைகள் பூக்கிரீடம் வைத்து ஆடினார்கள். நான் உன்னை அனுப்பவில்லை. பூவையும் ஆண்டவர்தானேம்மா செஞ்சாரு என்று கேட்டாய், உன் முதுகில் ஒன்று வைத்தேன். அது சரியா தப்பா என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அடித்தது தப்பு, அதற்கு மன்னித்துக்கொள். ஆனால் அன்று நான் நம்பினேன். என் பிள்ளை அந்நிய சாமிக்கு முன்னால் ஆடிவிடுவாளோ என்று நிஜமாகவே பயந்தேன். அப்படி மனச்சாட்சி உறுத்துகிறவர்கள் வீட்டில் இருக்கட்டும், உறுத்தாதவர்கள் நடக்கட்டும், அவரவர் ஆண்டவருக்குப் பதில் சொல்லிக்கொள்ளட்டும். நான் செய்தது இரண்டும் இல்லை. எனக்கு அந்த நாளைப் பற்றி ஒரு உறுத்தலும் இல்லை, நெட்டை அத்தை சொன்னதே சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ஒரு முக்காலிக்காக, ஆண்டவர் பெயரை எடுத்து முதலாளியின் தாளில் வைத்தேன். எந்தப் பழைய காலத்துத் தேவதைக்கும் நான் பூப்போடவில்லை, நிஜம்தான். ஆனால் அந்த ஆபீஸ் அறையில் யாரைக் கும்பிட்டேன் என்று எனக்குத் தெரியும். எங்கள் விரலுக்கு ஒரு கம்பி கேட்டால் நாள் அசுத்தமாகிவிடுகிறது, அவர் இயந்திரம் ஓடினால் அதே நாள் பரிசுத்தமாகிவிடுகிறது. இதை எழுதிக்கொடுக்க ஒரு நல்ல கையெழுத்து தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அடுத்த விசாரணை இருபத்தேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்கு. அதிகாரி மறுபடி கேட்பார். கேட்காவிட்டாலும் நான் எழுந்து, எழுதினது நான்தான், சொல்லி எழுத வைத்தது அவர், விசுவாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, பயந்து எழுதினேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் என் வேலை போகும், பதினாறு பேரில் பாதிப் பேர் என்னோடு பேச மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை எந்த பெஞ்சில் உட்காருவது என்றுகூடத் தெரியவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புதுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்புறம், அன்னைக்கு நானும் கூட வர்றேன், நீ எழுந்திருக்கலைன்னா முழங்கையால இடிப்பேன் என்றார். சிரித்தேன். சிரித்துவிட்டு அழுதேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். வேனில் ஏறும்வரை தைரியமாக இருப்பேன், முதலாளி திரும்பி, சிஸ்டர் தண்ணி வேணுமா என்று அன்பாகக் கேட்டால் போதும், உள்ளே எல்லாம் தளர்ந்துவிடும். அதனால்தான் வேனில் போகாமல் அப்பாவோடு பஸ்ஸில் போகலாம் என்று இருக்கிறேன்.

நீ என் மேல் கோபப்படு. அது உன் உரிமை. உன் கூட வேலை செய்கிறவர்களிடம் எங்கம்மா நடந்தாங்க என்று சொன்னாயே, அதைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லிவிடு, உனக்கு அவமானமாக இருந்தால் சும்மா இரு, அந்தப் பாரம் உன்னுடையதல்ல. இருபத்தேழாம் தேதிவரை என்னைக் கூப்பிடாதே. நீ பரவாயில்லம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்துவிடுவேன்.

ஆண்டவர் உன் கையையும் காலையும் காக்கட்டும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை என்றால் தடுப்பு இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் கேள், கேட்கிறவளோடு சேர்ந்து நில். டாக்டரைப் பார்க்க மறக்காதே. இருபத்தெட்டாம் தேதி காலையில் போன் செய். எனக்கு இல்லை, நான் சொல்வதை இனி ஒரு தடவையில் நம்பிவிடாதே. நெட்டை அத்தையின் நம்பர் உன்னிடம் இருக்கிறது. உங்க அக்கா எழுந்து நின்னாங்களா என்று அவளைக் கேள்.

உன் அம்மா