கேசட்டில் அழியாத பாதி

12.8.1993, வியாழன்

ரியாத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு அனுப்ப இன்று கேசட்டில் பேசினேன். மாமி தொழுதுகொண்டிருந்த நேரம்.

"வயித்துல இருக்கறதுக்கு ஏழு மாசம் ஆச்சுங்க. போன தடவை மாதிரி இதும் போயிருமோன்னு பயமா இருக்குங்க. தூக்கமே இல்லீங்க. சும்மா சும்மா அழுகறேனுங்க." சொல்லச் சொல்லவே அழுகை வந்துவிட்டது. நெடுநேரம் அழுதேன். டேப் ஓடிக்கொண்டேயிருந்தது.

மாமி உள்ளே வந்தார். கேசட்டைப் பின்னுக்கு ஓட்டினார். "ஏங்கண்ணு, பொழைக்கப் போன எடத்துல அவனைக் கலங்க வெக்கலாமா? நல்லாருக்கேன்னு சொல்லிப்போடு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

மறுபடி பேசினேன். "நல்லாருக்கேனுங்க. மாமி நல்லாப் பாத்துக்கறாங்க. நீங்க உடம்பைப் பாத்துக்குங்க." அதற்குமேல் பொய் வரவில்லை.

நாளை ரியாத் கிளம்பும் மேட்டுப்பாளையத்துக்காரரிடம் மாமியே கேசட்டைக் கொடுத்தனுப்பினார். பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவதாகப் பேசியது கொஞ்சம்தான். அதற்குப் பின்னால் என் அழுகை அழியாமல் அப்படியே இருக்கும். மாமியிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அந்த அழுகையை என் வீட்டுக்காரர் கேட்க வேண்டும். ஆனால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று, பேச்சு முடிந்ததுமே டேப்பை அணைத்துவிடுகிற ஆள் அவர்.