பசியில்லாத கிரகத்தில் ஓர் அப்பா

அக்கா,

போன சனிக்கிழமை மகள், மார்க்கெட் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு நாவல் வாங்கி வந்தாள். அட்டையில் அதே சாம்பல் நிறச் சீருடைப் பெண். புரட்டியதும் எழுந்த மக்கிய காகித வாசனையில், நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

புக்கிட் தெங்கா தொழிற்சாலை வேலைக்குப் போக அந்த நாட்களில் நாம் ஏறிய காலை பெர்ரிப் படகில், ஜன்னலோர பெஞ்சு நம்முடையது. டிவியில் புதன்கிழமை வரும் விண்கப்பல் தொடரில் அந்த டாக்டரம்மா என்றால் நமக்கு உயிர். தன் வீட்டைப் பற்றி அவள் வாயே திறக்கமாட்டாள். அவளுடைய பழைய கதையைச் சொல்லும் நாவல் வந்ததும் நீங்கள் வாங்கிவிட்டீர்கள். நீங்கள் கான்வென்ட்டில் படித்தவர். எனக்கு அப்போது ஆங்கிலம் ஓடாது. தினமும் பத்துப் பக்கம் படித்துத் தமிழில் சொல்வீர்கள்.

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கிரகத்தைவிட்டே போனவள் அவள். நானும் என் அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, சுங்கை பாக்காப் எஸ்டேட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான். இரண்டு தீபாவளிக்கு வீட்டுப் பக்கமே போகவில்லை. கடைசி அத்தியாயத்தன்று, அவள் திரும்பிப் போனாளா என்று கேட்டேன்.

நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"போனா லா. அப்பாதான் கதவத் தொறந்தாரு. சண்டையப் பத்தி ஒண்ணுமே கேக்கல. சாப்டியான்னுதான் கேட்டாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிவிட்டேன். என் அப்பா கதவைத் திறந்தார். உள்ளே போய் எனக்கொரு தட்டை எடுத்து வைத்தார்.

இந்த வாரம் நானே எழுத்துக்கூட்டாமல் முழு நாவலையும் படித்து முடித்தேன். கடைசி அத்தியாயத்தில் கதவு திறக்கவே இல்லை, அக்கா. அவள் தட்டிப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறாள். இப்படி ஏமாற்றிவிட்டீர்களே என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அந்தக் கிரகத்தில் யாரும் சாப்பிடுவதே கிடையாது. வெளிச்சத்தில் உயிர் வாழ்கிறவர்கள். முதல் அத்தியாயத்தில் அதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். டிவியில்கூட, மற்றவர்கள் சாப்பிடும்போது அவள் எழுந்து போய்விடுவாள். உங்களுக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை, எனக்கு அதைக் கண்டுபிடிக்கவும் தெரியவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் இதைச் சொல்லி ஒரு நாள் முழுக்க உங்களைக் கிண்டல் செய்திருப்பேன்.

அப்பா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார், அக்கா. பதினோரு தீபாவளிக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.