செல்வி தைத்துக் காட்டிய பந்து

பெரிய பேரன் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். பேத்தி கன்னடத்திலும் கிளாசில் முதல் மார்க். சின்னவன் ஸ்கூல் புட்பால் டீமுக்குக் கேப்டன். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று. உன்னிடம்தான் சொல்ல முடியவில்லை. நேற்று சின்னவன் புதுத் தோல் பந்து ஒன்றை என் மடியில் போட்டான். முகர்ந்தேன். நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. அந்த வாசனையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய்.

அப்போது சிவாஜிநகர் குடோனிலிருந்து வெட்டிய தோல் துண்டுகள் மூட்டையாக வரும். நம் சந்துப் பெண்கள் மெழுகு தடவிய நூலும் இரண்டு ஊசியுமாக வாசலில் உட்கார்ந்து தைப்போம். கடைசியில் காற்றடைக்கும் ரப்பர் பிளாடரை நுழைத்துப் பந்தின் வாயை மூடும்போது முடிச்சு உள்ளே போய்விட வேண்டும். அங்கேதான் எல்லாருக்கும் கை தடுமாறும். உன் மகள் செல்விக்குத் தடுமாறாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து உன் பந்துகளுக்கெல்லாம் அவள்தான் வாய் மூடுவாள்.

பந்து வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆள் வருகிறார் என்று மூட்டை கொண்டுவரும் மேஸ்திரி முந்தின நாளே எச்சரித்தார். "பசங்க யாரும் ஊசியைத் தொடக்கூடாதும்மா. பசங்க தைச்ச பந்தை அந்த ஊர்ல வாங்க மாட்டாங்க."

நாங்கள் பிள்ளைகளை மைதானத்துக்கு விரட்டினோம். நீ விரட்டவில்லை.

"அது படிக்காத பசங்களுக்கு அக்கா. என் மக ஸ்கூலுக்குப் போறா, கிளாஸ்ல ரெண்டாவது. அவளை யாரு என்ன சொல்லப் போறாங்க?"

வந்தவர் உன் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முடிச்சு எங்கே என்று கேட்டார். கூட வந்தவர் அதைத் தமிழில் சொன்னதும் உன் முகம் பூரித்துவிட்டது.

"அது என் மக கைவேலை சார். செல்வி, இங்க வா. சாருக்குப் போட்டுக் காட்டு."

அவள் போட்டுக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே படம் பிடித்தார். படத்துக்காக நீ அவள் தலைமுடியைக்கூட ஒதுக்கிவிட்டாய்.

அந்தப் படத்தோடு மூட்டை வருவது நின்றது. பிள்ளைகள் நுழைய முடியாதபடி தையல் ஊரின் அந்தக் கோடியில், பீன்யாவில் ஒரு ஷெட்டுக்குப் போனது. எங்களில் சிலர் பஸ் ஏறிப் போனோம், கைக்குழந்தைக்காரிகளால் முடியவில்லை. உன்னை மேஸ்திரி சேர்க்கவே இல்லை. "மகளைக் காட்டி நம்ம சோத்துல மண்ணைப் போட்டுட்டா" என்று சந்தில் எல்லாரும் உன் காதில் விழும்படியே பேசினார்கள். நீ வீட்டு வேலைக்குப் போனாய். செல்வி பத்தாவதோடு நின்றாள்.

பிள்ளைகள் தைக்கக் கூடாது என்றது சரிதான். என் பேரன் கையில் ஊசியைப் பார்த்தால் நானே பிடுங்கிப் போடுவேன். ஆனாலும் நீ ஒருநாள் கேட்டாயே, "பெருமைதானே பட்டேன் அக்கா?" என்று. பேரன் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அது காதில் விழுகிறது. பாதியில் நிறுத்தி, யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்கிறேன்.

செல்வி இப்போது ஓசூரில் இருக்கிறாள். தன் கல்யாணத்தில்கூட அவள் படம் பிடிக்க விடவில்லை என்று சொல்லி அழுதாயே. இன்று அவளுக்கு ஒரு கார்டு போட்டேன்: "கண்ணு, உன்னோட புது போட்டோ ஒண்ணு எடுத்து தபால்ல அனுப்பு. கையில எதுவும் வேணாம், சும்மா நில்லு. பெரியம்மா பெட்டியிலதான் வெச்சுப்பேன். யார்கிட்டயும் காட்ட மாட்டேன்."