பட்டியலில் பாதிப் பேர்

வியாழக்கிழமை, இரவு

தாராவியில் தோல் பை செய்யும் காதர் பாயின் மெயில் எதுவும் இரண்டு நாளாகப் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வியாபாரிக்கு அனுப்பிய விலைப்பட்டியலும் திரும்பி வந்துவிட்டது. இன்று ஐரோலியில் இருக்கும், அவருக்கு மெயில் வசதி தரும் எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். பல கம்பெனிகளின் மெயில் ஒரே சர்வரிலிருந்து போகிறது, ஒருவர் கண்டபடி அனுப்பினால் எல்லோருக்கும் கெட்ட பெயர் என்று விளக்கினேன்.

"நாம ஒண்ணும் செய்யலையேம்மா. நாளைக்குள்ள விலை வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுவானாம்" என்றார்.

அவர் போனபின் தேடினேன். கெடுத்தது மாட்டுங்கா பஜனை சபை. அதாவது நான். அப்பா அதன் காரியதரிசி. சபையை எங்கள் சர்வரில் சேர்த்ததும், போன வாரம் உற்சவ அழைப்பை அனுப்பியதும் நான்தான். சபையின் முகவரிப் பட்டியலில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. செத்துப்போன முகவரிகளுக்கு அத்தனை மெயில் போனதால், மெயில் வாங்கும் கம்பெனிகள் எங்கள் சர்வரையே தடுத்துவிட்டன.

அழைப்பை அனுப்பிய அன்றைக்கே, இல்லாதவர்கள் பெயரை எடுத்துவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "காலமானவா பேரை நம்ம கையால அடிக்கப்படாது. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

காதர் பாயை வேறு சர்வருக்கு மாற்றினேன். விலைப்பட்டியல் போய்விட்டது. வியாபாரியிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

மாலையில் பாய் போன் செய்தார். "அந்தக் களவாணிப் பய யாருன்னு கண்டுபிடிச்சியளாம்மா?"

"பாத்துண்டிருக்கேன் பாய்" என்றேன்.

"கெடைச்சா விட்டுராதிய."

மேஜையில் அப்பா எழுதிவைத்த உற்சவ நன்றிக் கடிதம் கிடக்கிறது. அடியில் ஒரு வரி: 'அதே லிஸ்ட்டுக்கு அனுப்பிடு.'