ஒரே இடமா, வேறு இடமா

காளிகாட் மெட்ரோவில் இன்று காலை என் பையை நிறுத்திவிட்டார்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் சாவிக்கொத்தை வெளியே எடுக்கச் சொன்னார். அதில் தொங்கும் அந்தப் பச்சைப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையைவிட நீளம், முதுகில் கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள், ஓரத்தில் மங்கிப்போன தங்கப் பற்கள். சாவிக்கொத்தில் யாரும் மாட்டிக்கொள்கிற சாமான் இல்லைதான். "ஏட்டா கீ, திதி?" என்றார், இது என்ன அக்கா என்று. கம்ப்யூட்டரில் போடுகிற ரேம் என்றேன். வேலை செய்யுமா என்றார். செய்யாது என்றேன். அப்புறம் எதற்குச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள் என்று கேட்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கவே, பதிலுக்குக் காத்திராமல் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆபீஸ் போயும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மூன்று டீ குடித்தேன், இரண்டு பேரிடம் எரிந்து விழுந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடச் சரியாக விடாமல் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பெஹாலாவில் உங்கள் குவார்ட்டர்ஸ், அந்த முன்னறை. இரண்டாயிரத்து மூன்றோ நாலோ, வெயில் காலம். உன் அப்பாவுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்துவிட்டது, துர்கா பூஜை முடிந்ததும் கிளம்ப வேண்டும். அதற்குள் வேலை கிடைத்தால் நீ கொல்கத்தாவிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் கூடவே வந்துவிடு, ஜாதகத்தை வெளியே எடுக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் உன்னை அதிகம் பயமுறுத்தியது. இந்த ஊரை விட்டால் செத்துவிடுவேன் என்று நீ என்னிடம் சொன்னாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

நான் அப்போது பவானிபூரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தேன். முதலாளியை எல்லோரும் தாதா, அதாவது வங்காளத்தில் அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். உன்னைப் பற்றி அவரிடம் சொன்னபோது, சர்டிபிகேட் எல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். சி.டி.யில் வருகிற லினக்ஸை யார் வேண்டுமானாலும் போடுவார்கள். சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, ஒவ்வொன்றாகத் தானே கட்டி, கிளம்பி ஓடுகிற ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு வரட்டும், அன்றைக்கே சேர்த்துக்கொள்கிறேன் என்றார். உன் அம்மா அது என்ன என்று கேட்டபோது நீதான் விளக்கினாய்: ஓட்டலில் சாப்பாடு வாங்குவதற்குப் பதிலாக நெல்லை வாங்கி வந்து குத்துவதிலிருந்து தொடங்குவது. அதுவும் குத்துவதற்கான உலக்கையையே முதலில் நாமே செய்துகொள்ள வேண்டும். அம்மா உன்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

சாந்தினி கம்ப்யூட்டர் கடைகளில் பாகம் பாகமாகப் பழசு வாங்கிச் சேர்த்த மெஷின் அது. மூடியே போடுவதில்லை. வயிற்றைத் திறந்து வைத்து, வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருப்பாய். "மனுசங்க வேர்த்து ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கோம், அதுக்கு ஃபேன்" என்று அம்மா போகும்போதும் வரும்போதும் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நான் பஸ் பிடித்து வந்துவிடுவேன். நீ வழிமுறையை வரி வரியாகப் படிப்பாய், நான் தட்டுவேன். கட்டளையைக் கொடுத்துவிட்டால் திரையில் வரிகள் ஓட ஆரம்பிக்கும். நாம் பார்த்துக்கொண்டே இருப்போம், பார்ப்பதால் என்னவோ வேகமாக முடிந்துவிடும் என்பதுபோல.

முடியவே இல்லை. மணிக்கணக்கில் ஓடிவிட்டுச் சட்டென்று நின்றுவிடும். நிரலை மெஷின் மொழிக்கு மாற்றுகிற கம்பைலருக்குள் ஏதோ பிழை என்று ஒரு வரி, அவ்வளவுதான். வழிமுறையில் தெளிவாகப் போட்டிருந்தது: எங்காவது தவறினால் அதுவரை கட்டியது இருக்கும் டைரக்டரியை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். நாம் இரண்டு பேரும் சொன்ன பேச்சுக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒழுங்காக அழிப்போம், ஒழுங்காக முதலிலிருந்து தொடங்குவோம். நான் ஏதோ எழுத்தைத் தப்பாகத் தட்டியிருப்பேன் என்று நீ சொல்வாய். நீதான் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்திருப்பாய் என்று நான் சொல்வேன். ஒரு தடவை இதே சண்டையில் நான் சாப்பிடாமல் கிளம்பி, பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டேன். நீ பின்னாலேயே ஓடி வந்து, சமாதானம் பேசாமல், விட்டுவிட்டேன் என்று சொன்னால் போதுமா, எந்த வரி என்று சொல்லு என்று நடுரோட்டில் நின்று கேட்டாய்.

ரேமைக் கழற்றி அதன் பற்களை ரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். பென்சில் ரப்பர் வாங்கித் தேய்த்தோம். அன்றைக்கு நன்றாக ஓடியது. மறுவாரம் மறுபடி நின்றது. அப்பா பெட்டிகளுக்குக் கயிறு வாங்கிக்கொண்டு வந்து முன்னறையில் வைத்தார். அந்தக் கயிற்றைத் தாண்டித் தாண்டித்தான் நாம் உள்ளே போய் வந்துகொண்டிருந்தோம்.

அப்புறம் அந்த மத்தியானம். மறுபடி நின்றது. நான் அழிக்கப் போனேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். உனக்கு அழுகை வரும் நிலைமை, பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாய். எதையும் மாற்றாமல், எதையும் அழிக்காமல், வெறும் எரிச்சலில் அதே கட்டளையை மறுபடி அடித்தாய். அது நின்ற இடத்தைத் தாண்டிப் போயிற்று. ஒன்றுமே நடக்காத மாதிரி தாண்டிப் போய், ரொம்ப நேரம் ஓடி, வேறெங்கேயோ போய் நின்றது. மறுபடி அடித்தாய். அதையும் தாண்டிப் போய் இன்னோர் இடத்தில் நின்றது. நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். நீ மட்டும் அமைதியாகிவிட்டாய்.

"தப்பு நம்மளோடதா இருந்தா ஒரே இடத்துல விழணும்டி" என்றாய். "நாம எழுதினது மாறல. ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல விழுது. அப்ப மேல தேடி என்ன பண்றது? அடியில எதோ கெட்டுப்போயிருக்கு."

அழித்து அழித்துத் தொடங்கியதில் அந்த ஒரு தடயத்தைத்தான் இத்தனை வாரமும் அழித்துக்கொண்டிருந்திருக்கிறோம். எல்லாம் ஓடுவது நினைவகத்தின் மேல்தான்; மெஷினில் அந்த ரேம் பட்டைகள் இரண்டு இருந்தன. ஒன்றை உருவிவிட்டு ஓட்டினாய், விழுந்தது. அதைப் போட்டுவிட்டு மற்றதை உருவினாய். மாட்டுவண்டி வேகம்தான், ஆனால் எங்கேயும் நிற்காமல் போயிற்று. நாலைந்து நாள் அப்படியே ஓடவிட்டாய். கடைசியில் கறுப்புத் திரையில் மெஷின் தானாகக் கிளம்பி வந்து உன் பெயரைக் கேட்டபோது, நீ பெயரை அடிக்காமல் அம்மாவைக் கூப்பிட்டு வந்து காட்டினாய். இதுக்கா இவ்வளவு என்றார்கள் அம்மா. ஆனால் அன்று பாயசம் வைத்தார்கள். டாக்ஸியில் பவானிபூர் போகும்போது மெஷினை மடியில் வைத்துக்கொண்டாய். தாதா சொன்ன சொல் தவறவில்லை. கெட்டுப்போன பட்டையில் ஓட்டை போட்டு வளையம் மாட்டி என் சாவிக்கொத்தில் கோத்தது நீதான். இனிமேல் யார் மேலேயும் பழி போடும் முன்னால் இதைத் தொட்டுப் பார் என்றாய்.

அப்பா அம்மா நாக்பூர் போனார்கள். நீ காளிகாட்டில், மாஷிமா என்று நாம் கூப்பிட்ட ஒரு வங்காளி அம்மாள் வீட்டு மாடியில் தங்கினாய். நல்ல வருஷங்கள்தான் அவை. நீ மீன் சாப்பிடக் கற்றுக்கொண்டாய், அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

முதலில் விரல் மூட்டு வீங்கியது. எலும்பு டாக்டர் மாத்திரை கொடுத்தார், போய்விட்டது. பிறகு கன்னத்தில் சிவப்பாகத் தடித்தது, வெயில் என்றார் தோல் டாக்டர். அதுவும் போயிற்று. வாயில் புண், பிறகு காரணமில்லாத காய்ச்சல், பிறகு படியேற முடியாத அசதி. ஒன்று போனால்தான் இன்னொன்று வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரிசெய்து அனுப்பினார்கள். ஆபீஸில் லீவுக்காக நடிக்கிறாய் என்றார்கள். மாஷிமா கண்திருஷ்டி என்றார்கள். நாக்பூரிலிருந்து வந்த அம்மா, தனியாக இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டாய், எல்லாம் மனசில்தான் இருக்கிறது என்றார்கள். நீ எல்லாரிடமும் சரி சரி என்றாய். அது உன் குணமே இல்லை.

ஒரு நாள் ஆபீஸுக்குப் போகும்போது காளிகாட் மெட்ரோ படியில், பாதியில் உட்கார்ந்துவிட்டாய். கீழே ரயில் வந்து போயிற்று. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜனம் நம்மைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. "இதுவரைக்கும் எங்கெங்க விழுந்துச்சுன்னு வரிசையா சொல்லு" என்றாய். விரல், கன்னம், வாய், காய்ச்சல், அசதி என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கும் புரிந்துவிட்டது. நீ என் சாவிக்கொத்தை வாங்கி அந்தப் பட்டையைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாய். பிறகு சிரித்தாய், அதை நான் என்னவென்று சொல்ல.

"வேற வேற இடம்" என்றாய். "அப்ப நான் ஒண்ணும் நடிக்கலடி."

அடுத்த நாள் ஒரு பொது மருத்துவரிடம் போனோம். எந்த வலியையும் தனியாகச் சொல்லாமல், எல்லாவற்றையும் வந்த வரிசையில் வங்க மொழியில் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேண்டாம், அடியில் ஒரே ஒரு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள் என்றாய். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்ளும் நோய், லூபஸ் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரைக் கேட்டு நீ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாய். நான் கழிவறைக்குள் போய் அழுதேன்.

மருந்து உனக்குச் சில வருஷங்களைக் கொடுத்தது. பிறகு சிறுநீரகம் போயிற்று, அதோடு நீயும். எனக்கு அடங்காத கோபம் அங்கேதான். எது கெட்டது என்று கண்டுபிடித்தவள் நீ. ஆனால் அதை உருவி எடுத்துவிட்டு, மிச்சமிருப்பதை வைத்து மெதுவாகவாவது ஓட உனக்கு வழியில்லை. கண்டுபிடித்தால் சரியாகிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். நீ அப்படி எங்கேயும் சொல்லவில்லை, நானாகவே நம்பிக்கொண்டேன்.

உன் அம்மா இப்போதும் போன் செய்கிறார்கள். இந்த ஊரில் விட்டுவிட்டுப் போனது தப்பா, நாக்பூருக்கே கூட்டிக்கொண்டு போயிருந்தால் இருந்திருப்பாளா என்று கேட்கிறார்கள். உன் வார்த்தையைத்தான் சொல்கிறேன். வேற வேற இடத்துல விழுந்துச்சும்மா, அதனால அது யாரோட தப்பும் இல்ல. சரிம்மா என்று வைத்துவிடுவார்கள். ஆபீஸிலும், எதாவது நின்றுபோய், யார் செய்தது என்று ஒருவரை ஒருவர் கடித்துக் குதறத் தொடங்கினால், எதையும் அழிக்காதீர்கள், மறுபடி ஓட்டுங்கள், ஒரே இடமா வேறு இடமா என்று பாருங்கள் என்று கத்துகிறேன். அந்தக் காவலருக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். இதற்காகத்தான் சுமக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் எழுந்தால் தூக்கம் வராது. வேலை, வீடு, உன் பிறந்தநாள், பூஜை, எல்லாவற்றையும் நான் தாண்டிப் போய்விடுகிறேன். மாஷிமா வீட்டு வாசலைக்கூட. ஆனால் அந்த மெட்ரோ படி வந்தால், நீ உட்கார்ந்த இடத்தில், கால் நின்றுவிடுகிறது. இத்தனை வருஷமாக, இன்று காலையும், அதே இடத்தில். உன் கணக்குப்படி இது அடியில் கெட்டுப்போனது இல்லை. இது என்னுடைய தப்பு. தேடினால் கிடைக்கும், நினைத்தால் சரிசெய்துவிடலாம்.

நான் இன்னும் தேடத் தொடங்கவில்லை.