தம்பியின் பைபிளில் இல்லாத புத்தகம்

அக்டோபர் 28, செவ்வாய்

தம்பி அருள் கத்தோலிக்கக் கோயிலை விட்டு வேறு சபையில் சேர்ந்து, மறுபடி ஞானஸ்நானம் எடுத்துவிட்டான். போன ஞாயிறு, ஒகேனக்கல் ஆற்றில். புளி மண்டியில் பாதிப் பங்காளி, கூடப் பிறந்தவன், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பாப்பாரப்பட்டியில் தேங்காய்க்காரர் சொல்லித் தெரிந்தது. "உங்க தம்பி வெள்ள வேட்டில முங்கி எந்திரிச்சாருங்க. போட்டோ வந்துச்சே, உங்களுக்கு வரலீங்களா?" வந்தது என்று பொய் சொன்னேன்.

காலையிலிருந்து தூறல். குடோன் மேற்கு மூலை ஒழுகுகிறது. தார்ப்பாய் 2.

அக். 29

மண்டியில் கேட்டேன். 2-ம் தேதி கல்லறைத் திருநாள், ஆத்தாவுக்குப் பூசை. வருவாயா?

"வரமாட்டனுங்கண்ணா. செத்தவங்களுக்கு ஜெபம் பண்ணச் சொல்லி வேதத்துல எங்க இருக்குது? காட்டுங்க, வர்றேன்."

எங்களைப் பெற்றவள் சாகும்போது இரண்டு பேர் கையையும் பிடித்துக் கேட்டது ஒன்றுதான், வருஷம் தவறாமல் பூசை. சரி ஆத்தா என்று முதலில் சொன்னவன் இவன். அவள் எழுதி வாங்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

அக். 30

கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் கேட்டேன். இருக்கிறதாம்! பழைய ஏற்பாட்டில், செத்த போர்வீரர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுத்த இடம். அதிகாரம், வசனம் சீட்டில் எழுதி வாங்கி, நேரே தம்பி வீட்டுக்கு. நல்ல மழை.

அவன் பைபிளைப் புரட்டினான். பொருளடக்கம் பார்த்தான். அந்தப் புத்தகமே அதில் இல்லை.

தம்பி பெண்டாட்டி: "மாமா புதுசா ஒரு ஆகமம் கொண்டாந்திருக்காரு, அச்சடிக்கக் குடுங்க." புருஷனும் சேர்ந்து சிரித்தான். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் விலை சொன்னவன் கதை என் கதை. டீ குடிக்கவில்லை.

ஃபாதருக்கு போன். "அவங்க பைபிள்ல இருக்காதேய்யா. நமக்குத்தான் ஏழு நூல் கூட. தெரியாதா?" தெரிந்தால் நனைந்துகொண்டு போவேனா?

அக். 31

வெயில். மூட்டைகளை இடம் மாற்றினோம். வேலைக்கு நடுவில் தம்பியை உட்காரவைத்தேன்.

"எந்தெந்தப் புத்தகம் வேதம்னு உனக்கு யார்றா சொன்னது?"

"பாஸ்டரு."

"அவருக்கு?"

"முன்னாடி இருந்தவங்க."

"அப்ப அதுவும் வாய்வழி வந்ததுதானே? ஆத்தா வாய்ல வந்தா மட்டும் கசக்குதா?"

லாரி வந்தது, எழுந்து போனான். திரும்பி வந்து மெதுவாக: "ஆத்தாவுக்குப் படிப்பில்லைங்கண்ணா. வேதம் தெரியாமயே போயிருச்சு."

ஆற்றில் முங்கியதைக் கூடப் பொறுத்திருப்பேன். எழுத்தே தெரியாதவள் அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்து விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொடுத்தாள், வரி வரியாக. இயேசு என்ற பெயர் இவன் காதில் முதலில் விழுந்தது அவள் வாயிலிருந்து. எந்தப் பைபிளும் அதற்குப் பிறகுதான்.

நவ. 1

மெழுகுவர்த்தி 2 பாக்கெட். சாமந்தி. சுண்ணாம்பு. செருப்பு தைக்க.

சாயங்காலம் அவனே வந்தான்.

"பூசைக்குக் கூப்பிடாதீங்க. கல்லறைக்கு வர்றேன்."

"எதுக்கு, வேடிக்கை பாக்கவா?"

"எனக்கும் ஆத்தாதானுங்களே."

பேரம் ஒரு மணி நேரம். முடிந்தது இப்படி: பூசை கொடுப்பது என் பெயரில் மட்டும். கல்லறைக்குச் சுண்ணாம்பு அவன் அடிப்பான். மெழுகுவர்த்தி தொடமாட்டான். நான் ஜெபமாலை முடிக்கும்வரை வாய் திறக்காமல் நிற்பான். பிறகு அவன் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பான், நான் நிற்பேன். இந்த வருஷத்துக்கு மட்டும்.